சட்டையைப் பிடித்தவன்

வெள்ளி இரவுகளில்
டிம்மின்ஸ் அரங்கில்
தண்டனைப் பெட்டியின் கதவைத் திறந்து மூடுகிறவன் நான்.
ஆட்டத்துக்கு நாற்பது டாலர், ஒரு காப்பி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே நனைந்த தோல் கையுறையின் நெடி,
யாரோ காலடியில் கொட்டிய உருளைக்கிழங்குப் பொரியல்.

ரெமி த்ரெபானியேயை இந்த ஊருக்குப் பிடிக்காது.
கையுறையைக் கழற்றி எறியும்வரை எல்லாம் சரி.
சனம் எழும்பி நிற்கும்,
கண்ணாடியில் அறையும்.
பிறகு அவன் செய்வதெல்லாம் ஒன்றுதான்:
எதிராளியின் வலக்கைச் சட்டையை
முழங்கை மடிப்பில் கொத்தாக அள்ளி
மற்றக் கையால் கழுத்துப் பட்டியை முறுக்கி
நெற்றியை அவன் தோளில் புதைத்து
நிற்பான்.
உடும்பு.

"குத்தடா!"
சுரங்கத்து இரவு வேலைக்காரர்கள் கத்துவார்கள்.
"கலியாண வீட்டு நடனமா இது?"
ரெமிக்குக் கேட்கும்.
காது சிவக்கும். பிடி தளராது.

விதிப்புத்தகமும் ஒரு மாதிரியானதுதான்.
பக்கோடு ஓடுகிறவனைப் பிடித்தால் இரண்டு நிமிடம்.
சண்டை என்றால் ஐந்து.
குத்தினாலும் ஐந்து,
குத்தாமல் கட்டிக்கொண்டு நின்றாலும் ஐந்து.

நேற்று வந்தவன் கோல் வாச்சுக்,
கப்பஸ்கேசிங் பச்சைச் சட்டை, ஆறரை அடி.
இடக்கைக்காரன் என்று
ரெமிக்கு யாரும் சொல்லவில்லை.
வழக்கம்போல் வலக்கையைப் பிடித்தான்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது குத்தில் புருவம் பிளந்தது.
அப்போதும் திருப்பிக் குத்தவில்லை.
கழுத்தை விட்டு இடக்கைக்குத் தாவினான்.
இரண்டு கையும் இரண்டு கைக்குள்,
இருவர் மூச்சும் ஒரே வெண்புகை,
பனியில் மெல்ல மெல்லச் சுற்றினார்கள்.

வாச்சுக்கின் ஸ்கேட் வழுக்கியது.
ஹெல்மெட் முதலிலேயே போய்விட்டிருந்தது.
வெறும் பிடரி, கீழே கல்லாக உறைந்த தண்ணீர்.

ரெமி விடவில்லை.
முழங்காலில் இறங்கி,
நூற்றுப் பத்துக் கிலோவையும் துணியில் தாங்கி,
கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைப்பதுபோல்
அவனைத் தரையில் வைத்தான்.

சனம் ஊளையிட்டது.

கதவைத் திறந்தேன். வந்து உட்கார்ந்தான்.
தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன், வாங்க முடியவில்லை.
விரல்கள் விரியவே இல்லை.
பிடிக்கப்பட்டவன் போய்விட்டான்,
பிடி மட்டும் இருந்தது.
ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்,
கட்டைவிரல் கடைசியாக.
நகத்துக்குள் ஒரு பச்சை நூல்.

"ஏன் விடேல்லை?" என்று தமிழில் வந்துவிட்டது எனக்கு.
பிறகு அவனுக்கு விளங்கும்படி கேட்டேன்.
"இன்னும் எத்தனை நிமிடம்?" என்றான்,
மணிக்கூட்டைப் பார்த்தபடி.

எதிர்ப் பெட்டியில் வாச்சுக்,
கிழிந்த கை தொங்க, நாடியை ஒருமுறை உயர்த்தினான்.
ரெமியும் உயர்த்தினான்.
அவ்வளவுதான்.

எனக்கும் அண்ணருக்கும்
ஸ்காபரோ வீட்டு விஷயத்தில் மூன்று வருடம்.
கைகலப்பு என்று சொல்ல முடியாது,
கைகளே வரவில்லை.
வக்கீல் கடிதங்கள் வந்தன,
வெள்ளை உறை, சுத்தமான எழுத்து, என் பெயர் சரியாக.
அவருடைய சட்டை என்ன அளவென்று
இப்போது எனக்குத் தெரியாது.

ஐந்து நிமிடம் முடிந்தது.
அவன் போனான்.
பலகையில் விழுந்த இரத்தத்தைத் துடைத்தேன்.
நான்கு - ஒன்று, தோற்றோம்.

கார் நிறுத்துமிடத்தில் பார்த்தேன்,
பச்சை நூல் என் சுட்டுவிரலில் ஒட்டியிருந்தது.
உதறினேன், போகவில்லை.
குளிர் தாங்காமல் கையுறையை மாட்டினேன்.
அதுவும் உள்ளே வந்தது.